காத்துப் பிடித்த மாப்பிள்ளை

புரியாதபடி பேசுகிறவனுக்கு இந்த உலகத்தில் ஒரு குறையும் வராது. வைத்தியர், வக்கீல், ஜோசியர் மூன்று பேரும் மாடி வீடு கட்டியது அப்படித்தான். 'பாமரனுக்கும் புரியும்படி சொல்கிறேன் பேர்வழி' என்று ஒருவன் கிளம்புகிறான் பாருங்கள், அவன்தான் தொலைந்தான். நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை அப்படிக் கிளம்பினேன். கேட்டவர்களுக்கு மிக நன்றாகப் புரிந்தது. புரிந்த கையோடு என்னை நாற்காலியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு உபதேசியாரைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்கள்.

நான் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர் சந்தியாகு. ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடம் என் ஊர். அய்யா வத்தை என்கிற சின்னப் படகை வைத்து மீன் பிடித்தவர். அம்மா நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே காலமாகிவிட்டாள். எனக்குக் கடலில் இறங்கினால் வாந்தி வரும் என்பதால் அய்யா என்னைப் படிக்க வைத்தார். (ஊரில் இதை 'பிள்ளைக்குப் படிப்பில் ஆசை' என்று மாற்றிச் சொல்லி வைத்திருந்தார்.) மதுரையில் பௌதிகம் படித்துத் தேறி, மலை மேல் சூரியனைப் படம் பிடிக்கும் ஒரு நிலையத்தில் உதவியாளனாகச் சேர்ந்தேன். வயது இருபத்தைந்து. அதாவது எனக்கு எல்லாம் தெரிந்திருந்த வயது.

அந்த நிலையத்தில் இருந்து எங்களில் நாலு பேரை ஒரு கோடைக்கு வடக்கே இமயமலைக்கு அனுப்பினார்கள். மிக உயரத்தில் மரம் மட்டை இல்லாத ஒரு மேடு. அங்கே தொலைநோக்கி வைத்தால் சூரியன் எவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்று பார்த்துவர வேண்டும். அவ்வளவு உயரத்தில் காற்று மெலிந்து போயிருக்கும். நம் கடற்கரையில் ஒரு மூச்சில் உள்ளே போகும் பிராணவாயுவில் பாதியும் கொஞ்சமும்தான் அங்கே கிடைக்கும். மெலிந்த காற்று தொலைநோக்கிக்கு வரம், தொலைநோக்கி பார்க்கிறவனுக்குச் சாபம். தலை கனக்கும், பசிக்காது, தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். எல்லாவற்றையும்விட மோசம், மூளை மந்தமாகிவிடும், ஆனால் மந்தமானது நமக்குத் தெரியாது. அபார புத்திசாலி ஆகிவிட்டதாகத் தோன்றும்.

நான் அங்கே ஒரு நாள் காலை முழுக்கச் சூரியனைப் படம் பிடித்தேன். படம் விழும் கண்ணாடித் தட்டை மாற்றி மாற்றி, பாட்டுப் பாடிக்கொண்டு, இந்த உலகத்தில் என்னைப் போல் படம் பிடிக்க ஆள் இல்லை என்ற நினைப்போடு பிடித்தேன். மதியம் எங்கள் தலைவர் வந்து பார்த்தார். தொலைநோக்கியின் வாயை மூடும் தொப்பியை நான் கழற்றவே இல்லை. அவர் என்னைத் திட்டியிருக்க வேண்டும். ஆனால் அவருக்கும் அதே காற்றுதானே? தொப்பியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு மண்ணெண்ணெய் அடுப்பில் கால் இடறி, அடுப்பிடம் இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். டாக்டர் பட்டம் வாங்கிய மனிதர்.

கோடை முடிந்து கீழே இறங்கியதும் எல்லாருக்கும் புத்தி திரும்பியது. எனக்கு லீவு கொடுத்தார்கள். கல்யாணம் பேச ஊருக்கு வந்தேன்.

கல்யாணம் என்றால் பொத்தாம்பொதுவாக ஒரு கல்யாணம் இல்லை. கட்டினால் செசிலியைத்தான் கட்டுவது என்று இருந்தேன். பக்கத்தில் தங்கச்சிமடத்தில் மிக்கேல் சம்மாட்டியின் மகள். நாலைந்து வத்தையும் வலையும் சொந்தமாக வைத்து ஆள் விட்டுத் தொழில் செய்கிறவரை எங்கள் பக்கம் சம்மாட்டி என்போம். அதற்கு முந்தின வருஷம் கோவில் திருவிழாவில் நேர்ச்சைச் சோறு வாங்கும் வரிசையில் நான் லேசாக இடையில் நுழைந்தேன். "ஏங்க, மதுரையில போய் இதத்தான் படிச்சுட்டு வந்தீகளா? பின்னால போங்க" என்று கரண்டியைக் காட்டினாள் ஒருத்தி. அவள்தான் செசிலி. பின்னால் போனேன். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பு இல்லை. மலையில் அரைக் காற்றில் கிடந்தபோதும் அந்தக் கரண்டி மட்டும் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது.

சம்மாட்டிக்கு என் குடும்பத்தில் குறை இல்லை. படிப்பில் குறை இல்லை. ஒரே ஒரு சந்தேகம். "பய என்னதான் வேல பாக்குறான்? சூரியனப் பாக்கச் சம்பளமா? அவன் வாயால கேக்கணும். கூட்டியாங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

அந்தக் காலம் வேறு மாதிரி. மூலைக்கு மூலை மேடை போட்டுத் தமிழ் முழங்கிய காலம். தமிழில் சொல்ல முடியாத விஞ்ஞானம் இல்லை என்று நான் நண்பர்களிடம் பந்தயம் கட்டியிருந்தேன். ஆகவே சம்மாட்டி வீட்டில் ஒரு இங்கிலீஷ் வார்த்தைகூட வாயில் வரக் கூடாது, வலை இழுக்கிறவருக்கும் விளங்கும் தமிழில் வாயுமண்டலத்தை விளக்கிவிடுவது என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, புது டெரிலின் சட்டையைப் போட்டுக்கொண்டு (தீவிலேயே அப்போது இரண்டு டெரிலின் சட்டைதான், இன்னொன்று ஸ்டேஷன் மாஸ்டருடையது) அய்யாவோடு தங்கச்சிமடம் போனேன்.

கூடத்தில் எனக்கு ஒரு நாற்காலி. எதிரே சம்மாட்டி. சுவரோரமாகச் சம்மாட்டியின் தங்கை சலேத் அத்தை, வெற்றிலையும் கையுமாக. ஊரில் யாருக்கு என்ன வந்தாலும், காய்ச்சலோ கண்ணேறோ, முதலில் பேர் வைப்பது இந்த அத்தைதான். உள் வாசல் சீலைக்குப் பின்னால் ஒரு ஜோடிக் கால் தெரிந்தது. செசிலியின் கால் என்று கண்டுகொண்டேன். எனக்கு உற்சாகம் தலைக்கேறியது.

"சொல்லுங்க தம்பி. இங்கன இல்லாத சூரியனா மலையில இருக்கு? கிட்டப் போய்ப் பாத்தா பெருசாத் தெரியும்னு ஏறுறீகளோ?" என்றார் சம்மாட்டி.

"அப்படி இல்ல மாமா" என்றேன். (அதற்குள் மாமா!) "இங்கன காத்து அதிகம். அங்கன காத்து வேற மாதிரி."

"வாடையா? கச்சானா?"

"வீசுற காத்தச் சொல்லல மாமா. இது கண்ணுக்குத் தெரியாத காத்து. மனுசனுக்கு உள்ள போற காத்து."

சலேத் அத்தை வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். ஆர்வம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

"உள்ள போகுமா?" என்றாள்.

"போகாம? இந்தா, இப்பக்கூட உங்களுக்குள்ள போகுது."

அத்தை அவசரமாக நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். "சேசு மரி சூசை!"

"இங்கன உள்ளது ஒண்ணும் செய்யாது அத்தை, பழகுன காத்து. மலையில உள்ளதுதான் ஆளப் புடிச்சுரும்" என்றேன்.

"புடிச்சா என்ன செய்யும்?"

பரீட்சைக்கு வராத கேள்வியெல்லாம் படித்து வைத்தவனிடம், படித்த கேள்வியையே கேட்டால் விடுவானா? விரல் மடக்கிச் சொன்னேன். "தலை பாரமாயிரும். சோத்தக் கண்டா குமட்டும். தூக்கத்துல மூச்சு நின்னு போகும், பொறகு திடீர்னு இழுக்கும். காரணமே இல்லாமச் சிரிப்பு வரும். நம்ம பேசுறதே வேற யாரோ உள்ள இருந்து பேசுற மாதிரி நமக்குக் கேக்கும்."

கூடத்தில் எல்லாரும் கண் எடுக்காமல் என்னையே பார்த்தார்கள். என் விளக்கத்தின் தெளிவு அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்று எனக்குள் ஒரு புல்லரிப்பு. அய்யா மட்டும் என் தொடையைக் கிள்ளினார். பாராட்டுகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

சம்மாட்டி தொண்டையைச் செருமினார். "தம்பியையும் புடிச்சுச்சா?"

"மொத வாரமே புடிச்சிருச்சு மாமா! எங்க தலைவரத்தான் ரொம்ப. டாக்டர் பட்டம் வாங்குனவரு, அடுப்புகிட்ட மன்னிப்புக் கேட்டாரு."

"பொறகு?"

"கீழ இறங்குனா அதுவும் இறங்கிரும்."

"முழுசா இறங்கிருச்சா?"

இங்கேயாவது 'ஆமாம்' என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஆனால் விஞ்ஞானத்தில் பொய் சொல்லக் கூடாதே! உயரத்தில் இருந்து வந்தவனுக்குச் சில வாரம் ரத்தத்தில் சிவப்பு அணுக்கள் கூடுதலாக இருக்கும் என்பது உண்மை. "உடனே எப்படி மாமா? ரத்தத்துல கொஞ்ச நாள் தங்கும். இப்பக்கூட என் ரத்தம் உங்க ரத்தம் மாதிரி இருக்காது, கெட்டியா இருக்கும்."

அய்யா வாய்விட்டே கேட்டுவிட்டார். "என்னலே இதெல்லாம்? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே!"

"திரும்பப் போவீகளா?" என்றாள் அத்தை, எழுந்து நின்றுகொண்டு.

"கூப்புட்டாப் போகணும்ல அத்தை?"

"யாரு கூப்புடுவா?"

"மேல இருந்து உத்தரவு வரும். வந்தா மறுக்க முடியாது." சீலைக்குப் பின்னால் இருந்த கால்கள் கொஞ்சம் முன்னால் வந்தது போலத் தெரிந்தது. அவளுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினேன். "கல்யாணத்துக்குப் பொறகு செசிலியையும் மலைக்குக் கூட்டிட்டுப் போவேன். கவலையே படாதீக. மொதல்ல அவளையும் புடிக்கும், பொறகு பழகிரும்!"

அவ்வளவுதான். சம்மாட்டி எழுந்து வந்து என் இரண்டு தோளிலும் கை வைத்து நாற்காலியோடு அமுக்கினார். வலை இழுத்த கை. கட்டிப்பிடிக்க வருகிறார் என்றுதான் நான் நினைத்தேன், சத்தியமாக. அத்தை வாசலுக்கு ஓடி, "ஏலே, யாருலே அங்கன? உபதேசியாரக் கூட்டியா! தீர்த்தத்தோட வரச் சொல்லு!" என்று கத்தினாள்.

எங்கள் மாதா கோவில் பாதிரியாரான பெரிய சாமியார் அன்று வேறு ஊர்க் கோவிலுக்குப் பூசைக்குப் போயிருந்தார். அவர் இல்லாத நாளில் ஊருக்குப் பொறுப்பு உபதேசியார் தொம்மை. செபம் சொல்லிக் கொடுப்பது அவர் தொழில், பேய் ஓட்டுவது உபதொழில். ஒரு காலத்தில் ஆரம்பப் பள்ளியில் வாத்தியாராக இருந்தவர். அவர் குடத்தோடு உள்ளே வந்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. அப்பாடா, படித்த மனிதர் ஒருவர் வந்தார், இனி பேச்சு வேறு தளத்துக்குப் போகும்! மாப்பிள்ளையைப் பரீட்சை செய்யத்தான் அழைத்திருக்கிறார்கள் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

உபதேசியார் என் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். கண் இமையை இழுத்துப் பார்த்தார். "உள்ள போயிருக்கே, அது பேரு என்ன?" என்றார்.

ஆகா, மற்றவர்களுக்குக் 'காத்து' போதும், வாத்தியாருக்கு விஞ்ஞானப் பெயர் வேண்டுமாக்கும்! தமிழ்ப் பந்தயத்தைக் கொஞ்சம் தளர்த்தினேன்.

"ஆக்சிஜன்" என்றேன்.

"ஆக்சிசன்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். "வெள்ளக்காரப் பேரா இருக்கே. எங்கேருந்து வந்துச்சு?"

"மரத்துலேருந்து."

அத்தை நெஞ்சில் கை வைத்தாள். "எந்த மரம்?"

"இன்ன மரம்னு இல்ல அத்தை. வேம்பு, புளி, பூவரசு எல்லாத்துலயும் இருக்கும். பகல்ல வெளிய வரும்."

"ராத்திரி?"

"ராத்திரி வாரது கெட்ட காத்து. அதான் ராத்திரி புளிய மரத்தடியில படுக்கக் கூடாதுன்னு நம்ம பெரியவுக சொல்லிருக்காக!" முன்னோர் வாக்கையும் விஞ்ஞானத்தையும் ஒரே வீச்சில் இணைத்துவிட்ட பெருமையில் எனக்கே கண் கலங்கியது. எல்லாரும் தலையாட்டினார்கள். அந்த வீட்டில் அன்று என் பேச்சில் எல்லாருக்கும் உடன்பாடான ஒரே இடம் அதுதான்.

"தனியா இருக்கா? கூட்டாளி உண்டா?"

"தனியா எங்க? நைட்ரஜன்னு ஒண்ணு கூடவே இருக்கு. சொல்லப்போனா அதுதான் நாலு பங்கு. இது ஒரு பங்கு."

உபதேசியார் சம்மாட்டி பக்கம் திரும்பினார். "கூட்டமா குடியிருக்கு சம்மாட்டி. சுவிசேசத்துல வாற மாதிரி." பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, "எப்பப் போகும்?" என்றார்.

"உசுரு இருக்கிற மட்டும் போகாது" என்றேன் சிரித்துக்கொண்டு. "அது போச்சுன்னா நானும் போயிருவேன்ல?"

அய்யா "தாயில்லாப் பிள்ளைய மலைக்கு அனுப்பிக் கெடுத்தேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தார். குடம் கவிழ்ந்தது. மந்திரித்த தண்ணீர் உச்சியில் விழுந்து டெரிலின் சட்டை உடம்போடு ஒட்டியது. மாப்பிள்ளைக்குச் செய்கிற சடங்கோ என்று நான் வாயைத் திறந்து கேட்பதற்குள், அத்தை அடுப்பு நெருப்பில் வரமிளகாயும் சாம்பிராணியும் போட்டு மூக்கடியில் நீட்டினாள். இருமல் பிய்த்துக்கொண்டு வந்தது. தலை கனத்துக் குமட்டியது. மூச்சு நின்று நின்று இழுத்தது. என் குரலே வேறு யாருடையதோ போல் கேட்டது. அதாவது நான் சற்று முன் விரல் மடக்கிச் சொன்ன அடையாளங்களில் சிரிப்பைத் தவிர அத்தனையும், வரிசை பிசகாமல், எல்லார் முன்னாலும் எனக்கு வந்தன.

"மாமா, மூச்சு முட்டுது!"

"தவிக்குது பாருங்க! விட்றாதீக!" என்றாள் அத்தை.

உபதேசியார் என் உச்சி மயிரைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். "ஏலே ஆக்சிசா! இறங்குலே! இந்தப் பயல விட்டு இறங்கு!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஊரில் பேயைப் பேய் என்று யாரும் சொல்வதில்லை. பேரைச் சொன்னால் வந்துவிடும் என்று மரியாதையாகக் 'காத்து' என்பார்கள். 'அவளுக்குக் காத்து புடிச்சிருக்கு', 'காத்து இறங்கிருச்சு' என்று பிறந்ததில் இருந்து கேட்டு வளர்ந்தவன் நான். மதுரையும் மலையும் என் மண்டையில் இருந்து அதைச் சுத்தமாகத் துடைத்திருந்தன. ஒரு மணி நேரமாக நான் விளக்கியது வாயுமண்டலத்தை அல்ல.

"எனக்குப் பேய் கீய் ஒண்ணும் இல்ல! நான் நல்லா இருக்கேன்!" என்று கத்தினேன்.

"எல்லாப் பேயும் மொதல்ல அதத்தான் சொல்லும்" என்றாள் சலேத் அத்தை.

அக்காள்மடத்துக்கு நடந்தே திரும்பினோம். நான் சொட்டச் சொட்ட முன்னால் போனேன். அய்யா பத்தடி பின்னால், செபமாலை உருட்டிக்கொண்டு வந்தார். நான் நின்றால் அவரும் நின்றார். பெற்ற அப்பன் என் பக்கத்தில் நடக்கப் பயப்படுகிறார் என்பதுதான் மிளகாய்ப் புகையைவிட அதிகம் எரிந்தது.

சரி, பெரிய சாமியார் இருக்கிறாரே! வெளிநாட்டுக்காரர், படித்தவர், பனிமலை பார்த்தவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று அய்யாவை அனுப்பி, சம்மாட்டியையும் அவரிடம் போகச் செய்தேன். சாமியார் முழுக் கதையையும் கேட்டுச் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். அவர் தமிழ் இலக்கணம் பிசகாத தமிழ். "அஞ்சாதீர்கள் பிள்ளைகளே. இது பேய் அன்று. இது காற்றுதான். மலை ஏறும் அனைவருக்கும் இது நேரும்" என்றிருக்கிறார்.

சம்மாட்டி கோவிலை விட்டு வெளியே வந்து ஊர் கூட்டிச் சொன்னார்: "சாமியாரே சொல்லிட்டாரு, காத்துதான்னு!"

சம்பந்தம் முறிந்தது. அக்கரையில் மண்டபம் என்ற ஊரில் மோட்டார் லாஞ்சு வைத்திருக்கும் வீட்டில் இருந்து செசிலியைக் கேட்டு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. லாஞ்சு! நான் கடலில் இறங்கினால் வாந்தி எடுப்பவன். அந்த வாரம் நான் சரியாகச் சாப்பிடவில்லை, தூங்கவில்லை, தனியாகப் பேசிக்கொண்டு திரிந்தேன். அதையும் ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. கிணற்றடியில் பெண்கள் என்னைக் கண்டால் குடத்தை இடுப்பு மாற்றினார்கள். எனக்கு அவள் கிடைக்க மாட்டாள் என்று நிச்சயமாகத் தெரிந்தபோது, உண்மையாகவே நெஞ்சுக்குள் காற்று இல்லாமல் போனது.

லீவு முடியும் முன் கடைசி ஞாயிறு. பூசை முடிந்து கோவில் வாசலில் கூட்டம். மண்டபத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். சம்மாட்டி அவர்களோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். பெரிய சாமியார் படியில் நின்று குழந்தைகளுக்கு ஆசீர்வாதம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் தூரத்தில் பூவரசு மரத்தடியில் நின்றேன். (மரத்தடியில் நின்றதையும் அத்தை கவனித்தாள்.)

பெண்கள் பக்கத்தில் இருந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு செசிலி நேராக அவள் அப்பாவிடம் வந்தாள்.

"அய்யா, வந்தவுகள வீணா அலைக்கழிக்காதீக. நான் கட்டுனா அந்தா நிக்காருல்ல, அவரத்தான் கட்டுவேன்."

"என்னத்தா பேசுற? அவனுக்குக் காத்து புடிச்சிருக்கு!"

"புடிச்சாப் புடிச்சுட்டுப் போகுது. நீங்க பொழுது சாஞ்சாச் சாராயத்தக் குடிச்சுட்டுச் செத்துப்போன உங்க அய்யாகூடச் சண்ட போடுறீக. அம்மா என்னைக்காவது உபதேசியாரக் கூப்புட்டாளா?"

(மதுவிலக்குக் காலம். சம்மாட்டி குடிப்பது தீவுக்கே தெரியும், பெரிய சாமியாருக்கு மட்டும் தெரியாது. அன்று தெரிந்தது.)

"அவருக்கு மலையேறுனாத்தான் புடிக்குமாம், இறங்குனா விட்ருமாம். உங்களுக்குத் தெனமும்ல புடிக்குது!"

மண்டபத்துக்காரர்களில் ஒரு பெரியவர்தான் முதலில் சிரித்தார். பிறகு கோவில் வாசலே சிரித்தது. சம்மாட்டி சாமியாரைப் பார்த்தார், சாமியார் சம்மாட்டியைப் பார்த்தார். பேச்சை மாற்ற வேறு வழியில்லாமல் சம்மாட்டி என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார்.

"ஏலே, இங்க வா. எம் மக சொல்லிட்டா. நான் மறுக்கல. ஆனா எனக்கு ஒரு உறுதி வேணும். அது உன்ன விட்டுப் போயிருச்சுன்னு இந்தக் கோவில் முன்னாடி உன் வாயால சொல்லு. பேரச் சொல்லிச் சொல்லணும்."

நான் பௌதிகப் பட்டதாரி. வாயுக்களின் குணங்களைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன். எனக்குக் கற்பித்த பேராசிரியர்கள் முகம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து போயிற்று. செசிலியைப் பார்த்தேன். சீக்கிரம் சொல்லித் தொலை என்பது போல் புருவத்தை உயர்த்தினாள்.

"ஆக்சிஜன் என்னை விட்டுப் போயிருச்சு" என்றேன், எல்லாருக்கும் கேட்கும்படி.

"கூட்டாளி?" என்றார் உபதேசியார் தொம்மை.

"நைட்ரஜனும் போயிருச்சுங்க."

பெரிய சாமியார் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அடுத்த லீவில் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும் முன் உபதேசியார் என் இமையை இழுத்து இன்னொரு முறை பார்த்துக்கொண்டார்.

செசிலி என்னோடு மலைக்கு வந்தாள். இமயமலை இல்லை, தெற்கே இருக்கும் எங்கள் பழைய மலைதான். அங்கேயும் புதிதாக வருகிறவர்களுக்கு மேட்டில் ஏறினால் மூச்சு வாங்கும். பஸ் நிற்கும் இடத்தில் இருந்து குடியிருப்புக்குச் செங்குத்தான பாதை. மனைவிக்கு மெலிந்த காற்றின் தன்மைகளை, இந்த முறை மிகக் கவனமாக வார்த்தை பார்த்து, விளக்கிக்கொண்டே ஏறினேன். பாதி வழியில் எனக்கு மூச்சு இளைத்துவிட்டது. அவள் தலையில் டிரங்குப் பெட்டியோடு மேலே போய் நின்று, "எங்கங்க அந்தக் காத்து? ஒண்ணையும் காணோமே!" என்று அங்கிருந்து கேட்டாள். எங்கள் தலைவர் வெளியே வந்து பார்த்துக் கை தட்டினார்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ தட்டுகளில் சூரியனைப் பிடித்தேன், கரும்புள்ளிகளைக் கணக்கெடுத்தேன், ஒரு கருவிக்கு என் கையால் திருத்தம் செய்து பாராட்டும் பெற்றேன். தீவில் அதையெல்லாம் கேட்க நாதி இல்லை. அங்கே நான் 'ஆக்சிசன் மாப்பிள்ளை'. என் பிள்ளைகள் ஆக்சிசன் பிள்ளைகள். மச்சான் மகன் பள்ளியில் வாயுக்கள் பாடம் வந்த அன்று வகுப்பில் எழுந்து நின்று, "சார், இது எங்க மாமாகிட்ட இருந்துச்சு, இப்ப இல்ல" என்று சொல்லிப் பெஞ்சில் ஏறி நின்றிருக்கிறான். போன வருஷம் எனக்கு நெஞ்சுச் சளி அதிகமாகி ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் சேர்த்து, மூக்கில் குழாய் வைத்து ஆக்சிஜன் கொடுத்தார்கள். உறவுக்காரர்கள் கவலையோடு சுற்றி நிற்பார்கள் என்றுதானே எதிர்பார்ப்போம்? "சம்மாட்டி இருந்தாருன்னா விடுவாரா? அம்புட்டுப் பாடுபட்டு வெளியேத்துனத, காசு கொடுத்துத் திரும்ப உள்ள ஏத்துறாகளே!" என்று வார்டே அதிரச் சிரித்தார்கள். நர்சு வந்து எல்லாரையும் விரட்டினாள்.

கூட்டம் போன பிறகு செசிலி கட்டிலோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷமாக நான் கேட்காத கேள்வியை அன்று கேட்டேன். கேட்காததற்குக் காரணம், பதில் எனக்கே தெரியும் என்று நினைத்ததுதான். ஊர் முழுக்க முட்டாள்தனமாகப் பயந்தபோது அவள் ஒருத்திக்கு மட்டும் என் விஞ்ஞானம் புரிந்தது, அதனால்தான் கோவில் வாசலில் அப்படி நின்றாள் என்பது என் கணக்கு. அவள் வாயால் ஒரு முறை கேட்டுவிடலாமே என்று ஆசை.

"உண்மையச் சொல்லு செசிலி. அன்னைக்கு எனக்குப் பேய் புடிச்சிருக்குன்னு நீ நம்பலதானே?"

"நம்பாம என்ன? நல்லா நம்புனேன்."

குழாய் மூக்கில் இருந்து நழுவும்படி எழுந்து உட்கார்ந்தேன். "நம்பியுமா கட்டுன?"

"பேய்தானே, ஓட்டுனா என்னைக்காவது ஓடிரும்னு நெனச்சேன்" என்று ஒரு சுளையை என் வாயில் வைத்தாள். "உங்களப் புடிச்சிருந்தது வெறும் பெருமைன்னு வாக்கப்பட்டுப் போன பொறகுதானே தெரிஞ்சுச்சு. அதுக்கு எந்த உபதேசியாரப் போய்க் கூப்புட?"